பின்வளவுப் புழுக்காரர்

சாப்பிடும்போதுதான் அவர் புழுக்களைப் பற்றி அதிகம் கதைப்பார். விடியப்புறம் சந்தைக்குப் போய் மரக்கறி மூட்டை இறக்கும் வேலை அவருக்கு. பின்னேரம் ஐந்து மணியளவில், நான் வேலை முடிந்து வரும் நேரத்தில்தான் அன்றைய முதல் சோற்றைச் சாப்பிடுவார். கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் கல்லில் குந்தியிருந்து, அலுமினியக் கோப்பையில் சோற்றையும் சொதியையும் குழைத்தபடி, குசினி யன்னலுக்குள் நிற்கும் எனக்குக் கேட்கும்படி தொடங்குவார்.

"தங்கச்சி, அதுக்குப் பல்லில்லை. மண்ணை அப்படியே விழுங்கும். வயித்துக்குள்ள ஒரு பை இருக்கு. அதுக்குள்ள சின்னச் சின்னக் கல்லு கிடக்கும். அதில போட்டு அரைக்கும். வாயால போறதும் மண், பின்னால வாறதும் மண். ஆனா பின்னால வாற மண் இருக்கெல்லோ, அது பவுண்."

சொல்லிக்கொண்டே சோற்றை உள்ளங்கையில் வைத்து இறுக்குவார். விரலிடுக்குகளால் சோறு பிதுங்கி வரும். நகக்கண்களில் ஈரமான கறுப்பு மண். நான் யன்னலைச் சாத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். அப்போது எனக்கு வயிற்றில் இரண்டு மாதம்.

அன்புவழிபுரத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் முன்பகுதி எங்களுக்கு. பின்வளவில் இருந்த தனி அறை அவருக்கு. கிணறும் குளியலறையும் பொது. என் கணவருக்கு வவுனியாவில் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து திங்கட்கிழமை விடியப் போய்விடுவார். மற்ற நாட்களில் அந்த வளவில் நானும் அவரும் அவருடைய புழுக்களும்தான். அவருடைய பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. ஒழுங்கையில் எல்லாரும் புழுக்காரர் என்றார்கள். நான் அண்ணை என்று கூப்பிட்டேன். ஐம்பது வயதைக் கடந்த, வெயிலில் காய்ந்த, உரத்த குரல்காரர்.

குளியலறைக்குப் போகும் வழியில், கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குக் கீழே, மூன்று சீமெந்துக் கிணற்று வளையங்களை வைத்திருந்தார். அடியில் செங்கல் உடைசல், மேலே மண், பழைய சாணி, வைக்கோல். ஒவ்வொன்றின் மேலும் நனைந்த சாக்கு. அந்தச் சாக்கை ஒரு மூலையில் தூக்கினால் உள்ளே மண் அசையும். மண்தான் அசைகிறது என்று முதல் நாள் நினைத்தேன். பிறகுதான் கண்ணுக்குப் பிடிபட்டது. சாம்பலும் சிவப்பும் கலந்த, பென்சில் தடிப்பான உடம்புகள், ஒன்றுக்குள் ஒன்று முடிந்தும் அவிழ்ந்தும் வெளிச்சத்துக்குப் பயந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் பூசியிருந்த நீர் மினுங்கியது. அன்று முழுவதும் என்னால் ஒன்றும் சாப்பிட முடியவில்லை.

அவற்றுக்குத் தீனி சந்தையிலிருந்து வரும். அழுகிய கோவா இலை, வெடித்த பப்பாசிப்பழம், சளிபோல நூல்விடும் வெண்டிக்காய். கோட்டைப் பக்கத்திலிருந்து சந்தை வரை வந்து திரியும் மான்கள் தின்றதுபோக மிச்சத்தைச் சாக்கில் கட்டி, சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு வருவார். சாக்கிலிருந்து சொட்டும் தண்ணீர் படலையிலிருந்து கொட்டில் வரைக்கும் ஒரு கோடு போடும். அந்தக் கோட்டில் இலையான் மொய்க்கும். கொடியில் காயப்போட்ட என் சேலைகளில் அந்த மணம் ஏறும். உட்துறைமுக வீதியில் இருந்த எங்கள் அலுவலகத்தில், பக்கத்துக் கதிரைக்காரி ஒருநாள் மூக்கைச் சுளித்து, "உன்னில என்னடி ஒரு குப்பை மணம்?" என்று கேட்டாள். யன்னலுக்கு வெளியே கப்பல்கள் நின்றன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அருவருப்பு என்ற ஒன்றே அந்த மனிதரிடம் இல்லை. எல்லாருக்கும் கொஞ்சமாவது இருக்கும். பிணவறையில் வேலை செய்பவருக்கும் ஏதோ ஒன்றில் மூக்கு சுளிக்கும். இவருக்கு எதிலும் இல்லை. புதுச் சாணி சூடாக இருந்தால் புழு செத்துவிடும் என்று, குவித்து வைத்த சாணிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல நிற்பார். பிறகு கையை உருவி, சாரத்தில் ஒரு தரம் துடைத்துவிட்டு, அதே கையால் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்குவார். மண் சரியாக வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு துளியை நாக்கில் வைப்பார். "புளிக்கேல்லை. இன்னும் நாலு நாளில சரி," என்பார்.

மற்றவர்களுக்கு அருவருப்பு வரும் என்பதும் அவருக்குத் தெரியாது. அதுதான் எனக்குப் பெரிய கரைச்சலாக இருந்தது. ஒருநாள் விடிய, பல் தீட்ட வந்த என்னைக் கொட்டிலுக்குக் கூப்பிட்டார். இரண்டு புழுக்கள் தலைமாறாகப் படுத்து, கழுத்துப் பக்கத்தில் நுரையால் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"பாருங்கோ. இதில எது ஆண், எது பெண்?"

நான் வேறெங்கோ பார்த்தேன்.

"ரெண்டும் ஆண், ரெண்டும் பெண். கழுத்தில கிடக்கிற வளையல் வழுக்கிக்கொண்டு தலையால கழண்டு வரும். அதுதான் முட்டை. தேசிக்காய் மாதிரி இருக்கும், கடுகை விடக் கொஞ்சம் பெரிசு." பெருமையாகச் சொல்லிவிட்டு, அப்படி ஒரு முட்டையைச் சுட்டுவிரல் நகத்தில் வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

நான் அந்த இடத்திலேயே குறோட்டன் செடிக்குப் பக்கத்தில் சத்தி எடுத்தேன். அவர் பதறிப்போய், "நேற்று என்னத்தைச் சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார்.

வீட்டுக்கார அம்மாவிடம் முறையிட்டேன். "அந்த மனுசன் உங்களுக்கு முந்தியே இருக்கிறார் பிள்ளை. ஒரு வம்புதும்புக்குப் போகாத ஆள். மணந்தா அவரிட்டயே சொல்லுங்கோ," என்றா. அவரிடமும் சொன்னேன். "ஓம் தங்கச்சி, மணக்கும்தான். காத்து மாறினாச் சரியாகிடும்," என்றார்.

எதற்காக இதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார், வழக்கம்போலச் சோற்றுக் கோப்பையோடு. அவர் சம்பூர் ஆள். சண்டையில் எல்லாரோடும் ஓடிவந்து, முகாம், அந்த வீடு இந்த வீடு என்று இருந்தார். பல வருடத்துக்குப் பிறகுதான் அரசாங்கம் பிடித்துவைத்திருந்த காணியைத் திரும்பக் கொடுத்தது. போய்ப் பார்த்தபோது காணி இருந்தது, மண் இல்லை. ஏதோ கட்டுவதற்கென்று மெசின் விட்டு மேல்மண்ணை வழித்து எடுத்திருந்தார்கள். கீழே கிடந்தது வெளுத்த இறுகல். மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே போகாமல் மேலால் ஓடியது.

"ரெண்டு தரம் கச்சான் கடலை போட்டனான். முளைச்சது, ஒரு சாண் வந்தது, மஞ்சளாகிச் செத்தது. வெட்டிப் பார்த்தா ஒரு புழு இல்லை. ஒரு பயிற்சியில உரம் செய்யிற சிவப்புப் புழு தந்தவை. அதைக் கொண்டுபோய் விட்டன். ஒரு கிழமையில முடிஞ்சுது. அது குப்பையில இருக்கிற சாதி, தங்கச்சி. வயலில இருக்கிறது வேற சாதி. ஆழத்துக்குப் போய் ஓட்டை போடும். அந்த ஓட்டையாலதான் மண்ணுக்குத் தண்ணியும் காத்தும் போகும்."

அந்தச் சாதியைக் கிளிவெட்டி வயல்வரம்புகளில் இரண்டு மாரியாகப் பொறுக்கிச் சேர்த்திருந்தார். அவருடைய மனைவி அங்கேதான், தன் தமையன் வீட்டில் இருந்தா. ஒருதரம் ஈரச் சாக்கோடு பஸ்ஸில் வரும்போது சாக்கு அவிழ்ந்து, கிண்ணியாப் பாலத்தில் வைத்துச் சனம் சீற்றுக்கு மேல் ஏறிவிட்டதாம். கொண்டக்டர் அவரைப் பாலத்திலேயே இறக்கிவிட்டாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பஸ்ஸில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே உடம்பு கூசியது.

காணியில் குழி வெட்டி, வைக்கோலும் சாணியும் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தார். மாரி நன்றாகப் பிடித்ததும் புழுக்களைக் கொண்டுபோய் விடுவது என்பது அவருடைய திட்டம்.

மாரி பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் விடிய நான் குளியலறைக்குப் போக எழும்பினேன். மண்ணுக்குள் தண்ணீர் நிரம்பினால் அவற்றுக்கு மூச்சு முட்டும், மேலே வந்துவிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். படித்தது வேறு, கண்டது வேறு. சீமெந்து நடைபாதை முழுவதும் அவை நீண்டு கிடந்தன. சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. என் செருப்புக்குள் ஒன்று சுருண்டிருந்ததைக் கண்டு செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு பின்னுக்கு ஒரு அடி வைத்தேன். காலுக்குக் கீழே மெத்தென்று ஒன்று உருண்டு வெடித்தது. குளிர்ந்த ஈரம் விரல்களுக்கிடையில் வந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கும் வரைக்கும் சத்தி எடுத்தேன். வாளிக்குள் பார்த்தால், கால் கழுவவேண்டிய தண்ணீரிலும் இரண்டு மிதந்தன.

அவர் அன்றைக்குச் சம்பூருக்குப் போயிருந்தார். நான் வேலைக்கு லீவு சொன்னேன். மழை விட்டு வெயில் எறித்தது. கடைக்குப் போய் நாலு பக்கற் உப்பு வாங்கி வந்தேன். பெரிய வாளிகளில் கரைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சாக்குகளை ஒரு தடியால் தள்ளி, மூன்று வளையத்துக்குள்ளும் ஊற்றினேன்.

அவை பேசாமல் சாகும் என்று நினைத்திருந்தேன். மண் கொதித்தது. கீழே இருந்ததெல்லாம் மேலே வந்தன. முறுகின, துள்ளின, ஒன்றின் மேல் ஒன்று ஏறி வளையத்தின் விளிம்பைத் தாண்டப் பார்த்தன. உடம்பிலிருந்து மஞ்சளாக ஒரு நீர் வடிந்தது. விளிம்பைத் தாண்டி விழுந்தவற்றை நான் அதே தடியால் உள்ளே தள்ளினேன். அதை நான் செய்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கால் மணித்தியாலத்தில் எல்லாம் அடங்கின. சாக்குகளைப் பழையபடி இழுத்து மூடிவிட்டு வந்து குளித்தேன்.

மறுநாள் வெயிலுக்கு மணக்கத் தொடங்கியது. முந்தி நான் அருவருத்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. செத்த மீனும் அழுகிய முட்டையும் சேர்ந்ததுபோல ஒரு மணம், கதவைச் சாத்தினாலும் தலையணைக்குள் இருந்தது. இந்த முறை அந்த மணம் என்னுடையது.

அவர் பின்னேரம் வந்தார். சாக்கைத் தூக்கினார். யன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையையும் உள்ளே விட்டு அள்ளினார். கஞ்சிபோல வழிந்தது. முதலாவது வளையம், இரண்டாவது, மூன்றாவது. எல்லாவற்றையும் கிண்டிப் பார்த்தார். பிறகு ஒரு விரலை எடுத்து நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார், தனக்குத்தானே.

நேரே என் யன்னலுக்கு வந்தார்.

"தங்கச்சி, மணத்துக்குக் குறை நினையாதேங்கோ. என்ட பிழைதான். கருவாட்டுக் கடைக்குப் பக்கத்தில கிடந்த குப்பையையும் முந்தநாள் வழிச்சுக்கொண்டு வந்து போட்டனான். அதில உப்பு இருந்திருக்கு. பாக்காமப் போட்டிட்டன். இண்டைக்கே தாட்டுப்போடுறன். நீங்கள் வயித்தில பிள்ளையோட கஷ்டப்படாதேங்கோ."

நான் "ஓம் அண்ணை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் வேலியோரம் குழி வெட்டத் தொடங்கினார். அடுத்த மூன்று நாளும் சந்தை முடிந்து வந்து அதே வேலை. சோற்றுக் கோப்பையோடு கல்லில் குந்தவில்லை, என்னுடன் கதைக்கவுமில்லை. அந்த மண்ணைக் கைகளால் அள்ளி அள்ளி, எங்காவது ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று விரித்துப் பார்த்துத்தான் குழிக்குள் போட்டார்.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி கிளிவெட்டியிலிருந்து வந்தா. அக்கா என்றுதான் நான் அவவைக் கூப்பிடுவேன். பின்வளவில் இருக்க முடியாத மணம் என்பதால் என் குசினியில் கொண்டுவந்து இருத்தினேன். தேத்தண்ணீர் கொடுத்தேன். அவ கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னா:

"தமையன் வீட்டில எத்தனை வருசம் இருக்கலாம், தங்கச்சி? மச்சாள் ஒரு சொல்லுச் சொல்ல மாட்டா. ஆனா நான் சீனி டின்னைத் திறந்தா, என்ன வேலை செய்துகொண்டு நிண்டாலும் திரும்பிப் பாப்பா. இந்த மாரியோட எங்கட காணிக்குப் போயிடுவம் எண்டவர். சட்டி பானை கூடக் கட்டி வைச்சிட்டன். இப்ப அடுத்த மாரி எண்டுறார்." பிறகு குரலைத் தாழ்த்தினா. "மனுசன் தன்னைத்தான் ஏசிக்கொண்டிருக்கு. சோறும் தின்னேல்லை. குப்பை கொண்டுவந்த சாக்கை மணந்து மணந்து பாக்குது."

அவ பஸ்ஸுக்குப் போனபிறகு நான் பின்வளவுக்குப் போனேன். மூக்கில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு போனேன். அவர் கடைசி வளையத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, சாக்கில உப்பு இருக்கேல்லை. நான்தான் போட்டனான்."

அவர் நிமிரவில்லை. கைகள் மட்டும் நின்றன.

"எவ்வளவு?"

"நாலு பக்கற். தண்ணியில கரைச்சு."

"மூண்டுக்குமோ?"

"ஓம்."

கையில் கிடந்த மண்ணை வளையத்துக்குள்ளேயே விட்டார். பிறகு எழும்பி, என்னைப் பார்க்காமல், வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொல்லியிருந்தா வேறெங்கயாவது கொண்டுபோய் வைச்சிருப்பன்."

"சொன்னனான், அண்ணை."

"மணக்குது எண்டு சொன்னனீங்கள். கொல்லுவன் எண்டு சொல்லேல்லை."

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்க விரும்பவில்லை. "ஞாயிற்றுக்கிழமை கிளிவெட்டிக்குப் போறன். நீங்களும் வரவேணும்," என்றார்.

"நானோ?"

"தனி ஆளாப் பொறுக்கினா மாரி முடிஞ்சிடும்."

"அதைத் தொட எனக்கு ஏலாது அண்ணை."

"கொல்ல ஏலுமெண்டா தொடவும் ஏலும்."

வெள்ளிக்கிழமை வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "நீர் இந்த நிலைமையில வரம்பில ஏற வேண்டாம். நான் போறன்," என்று பின்வளவுக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். "'தம்பி, நீங்கள் கொல்லேல்லையே' எண்டு சொல்லுறார். அவ்வளவுதான் சொன்னவர்."

ஞாயிறு மூன்று பேருமாகப் பஸ் ஏறினோம். கிளிவெட்டியில் மழை விட்டிருந்தது. வரம்பின் ஓரமெல்லாம் சின்னச் சின்ன மண்குமிழ்கள், இடியப்பம் சுருட்டிப் போட்டதுபோல. அதுதான் புழுவின் கழிவு என்றும், அதற்குக் கீழே ஆள் இருக்கும் என்றும் அவர் என் கணவருக்குக் காட்டினார். என்னுடன் அவர் கதைக்கவில்லை. நான் இரண்டு கையிலும் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் மண்வெட்டியால் ஒரு கட்டியைப் புரட்டி என் முன்னால் போட்டுவிட்டு, பைகளைப் பார்த்தார்.

"கழட்டுங்கோ. வழுக்கி நசிச்சுப்போடுவியள்."

கழற்றினேன். கட்டியை உடைத்தேன். பாதி உடம்பு வெளியே, பாதி மண்ணுக்குள். பிடித்து இழுத்தேன். அது உள்ளே எதையோ பற்றிக்கொண்டு இறுகியது. இன்னும் இழுத்தால் அறுந்துவிடும். அக்கா பக்கத்தில் வந்து குந்தி, "பிடிச்சபடி இருங்கோ. அதுவா விடும். மூச்சை வாயால விடுங்கோ," என்றா. பிடித்தபடி இருந்தேன். என் விரல்களுக்கிடையில் அது தடித்தது, மெலிந்தது. அதற்குள் ஏதோ ஒன்று முன்னுக்கும் பின்னுக்கும் ஓடியது. குளிர்ந்த நாக்கு ஒன்றைப் பிடித்திருப்பதுபோல இருந்தது. பிறகு அது பிடியை விட்டது. முழு நீளமும் என் உள்ளங்கையில் வந்து விழுந்து சுருண்டது.

வாளிக்குள் போட்டேன். ஏழோ எட்டோ போட்டிருப்பேன். அடுத்த கட்டியை உடைத்ததும் அதற்குள் ஒரு கொத்து இருந்தது. அப்படியே வரம்பில் சாய்ந்து, காலையில் குடித்த தேத்தண்ணீர், தின்ற பாண் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். கண்ணைத் திறந்து பார்க்கும்போது அவர் முன்னால் நின்றார். குந்தினார். நான் எடுத்த சத்தியின் மேல் இரண்டு கையாலும் மண்ணை இழுத்து, உள்ளங்கையால் அழுத்தி, சோறு பிசைவதுபோலப் பிசைந்து மூடினார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. கோபம் இருந்தது. அதை நன்றாகக் கண்டேன். அருவருப்பு மட்டும் இல்லை.

"இதையும் அது தின்னும்," என்றார். "வாயைக் கொப்புளிச்சிட்டு வாங்கோ. இன்னும் அரை வாளிகூட வரேல்லை."

மூன்று ஞாயிறு போனோம். பழகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். பழகவில்லை. மூன்றாவது ஞாயிறும் முதல் புழுவைத் தொட்டதும் அதே கூச்சம் முழங்கை வரைக்கும் ஏறியது. கை வேகமாக வேலை செய்தது, அவ்வளவுதான்.

அவற்றைச் சம்பூருக்குக் கொண்டுபோன நாளும் நான் போனேன். அவர் கூப்பிடவில்லை. வெட்டவெளியான காணி, ஓரத்தில் ஒரு கிணறு, இடிந்த அத்திவாரம், தகரக் கொட்டில். ஊறிய குழிகளின் வைக்கோலை விலக்கி, வாளியைச் சரித்து ஒவ்வொரு குழிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். நாங்கள் நாலு பேரும் குந்தியிருந்து பார்த்தோம். அவை கொஞ்சநேரம் செத்ததுபோலக் கிடந்தன. பிறகு ஒன்று மூக்கைக் கூராக்கி மண்ணில் வைத்தது. தள்ளியது. மெதுவாக, வால் கடைசியில், உள்ளே போனது. அதன் பிறகு மற்றவை.

"இன்னும் கோவமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றார். "அந்த வைக்கோலை எடுத்துத் தாங்கோ."

தை மாதத்தில் அறையை விட்டுவிட்டுப் போனார். கிணற்று வளையங்களையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். பின்வளவில் மூன்று வட்டங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. எனக்கு நிம்மதியாக இருந்தது. பின்னேரங்களில் குசினி யன்னலைத் திறந்துவைத்துச் சமைத்தேன்.

சித்திரையில் மகள் பிறந்தாள். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்து சில நாளில் அக்கா ஒரு பையில் அவித்த கச்சானோடு வந்தா. இப்போது அவ சம்பூரில்தான் இருந்தா. காணி முழுவதும் பச்சை இல்லை என்றும், கிணற்றடியில் இரண்டு பாத்தியும் குழிகளைச் சுற்றியுள்ள இடமும் மட்டும் பிடித்திருக்கிறது என்றும் சொன்னா. அங்கே மழைத்தண்ணீர் இப்போது மேலால் ஓடுவதில்லையாம். "என்ட சீனி டின்னை நானே திறக்கிறன்," என்று சொல்லிச் சிரித்தா.

"அண்ணை வரேல்லையோ?"

அவ படலைப் பக்கம் பார்த்தா. "வந்தவர். உள்ளுக்கு வரமாட்டாராம்."

நான் மகளைத் தூக்கிக்கொண்டு படலைக்குப் போனேன். அவர் ஒழுங்கையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். புழுத்தீனி எடுக்கச் சந்தைக்குப் போய் நேரே வந்திருக்கவேண்டும். கரியரில் சாக்கு, கீழே சொட்டிக்கொண்டிருந்தது. கோவா அழுகிய மணம் முகத்தில் அடித்தது. நகங்களில் கறுப்பு, விரல் மடிப்புகளில் ஏதோ காய்ந்த பச்சை. மூச்சை வாயால் விட்டேன்.

பிள்ளையை நீட்டினேன்.

அவர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினார். மகள் முழித்துப் பார்த்தாள். கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். நெற்றியில் முகர்ந்தார். கையைப் பிரித்து உள்ளங்கையைப் பார்த்தார், அவள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். விரலை விடுவிக்காமல், அவளாக விடும் வரைக்கும் நின்றார்.

"உள்ளுக்கு வாங்கோ அண்ணை. தேத்தண்ணி போடுறன்."

"இல்லைத் தங்கச்சி. இன்னும் கிடக்கு," என்று நெஞ்சுப் பக்கத்தைக் காட்டினார். "பிள்ளையைப் பாக்கத்தான் வந்தனான்."

மகளைத் திருப்பித் தந்தார். அக்கா வந்ததும் சைக்கிளை உருட்டிக்கொண்டு இரண்டு பேரும் நடந்து போனார்கள். அதன் பிறகு நாங்கள் வவுனியாவுக்கு மாறிவிட்டோம். அவரை நான் மறுபடி காணவில்லை.

அன்று அவர்கள் ஒழுங்கை முடக்கில் திரும்பி மறையும் வரைக்கும் படலையில் நின்றேன். பிறகு உள்ளே வந்து, தண்ணீரைச் சுடவைத்து, பிள்ளையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் குளிப்பாட்டினேன்.